கால்நடை இழந்தோர் கவனத்திற்கு

பத்தாயிரம் நோட்டீஸ் அச்சடித்தோம். மையத்தின் பெயர், சின்னம், இயக்குநரின் சிரித்த முகம், கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. என் பெயர் இல்லை. ஆனால் அதிலிருந்த ஒரு சொல் என்னுடையது. அந்த ஒரு சொல்லால் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

மையம் என்றால், நந்தனத்தில் இருக்கும் 'ஊரக வாழ்வாதார வெள்ளப் பாதிப்பு மதிப்பீட்டு மையம்'. கிராமங்களில் வெள்ளம் வந்தால் அங்கே இருப்பவர்களின் பிழைப்பு எவ்வளவு கெட்டுப்போனது என்று கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் வேலை. இதற்காக நகரத்தின் நடுவில் இரண்டு மாடி, எட்டு ஏசி, ஒரு கார் ஷெட். நான் சுப்பராமன். கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவன். அதிகாரிகள் பேசியதை, அவர்கள் பேசியிருக்க வேண்டியதாக மாற்றி எழுதுவதில் எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம்.

அந்த டிசம்பர் மழை முடிந்த வாரம். மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இயக்குநர் அனந்தராமன் மயிலாப்பூரில் தன் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"சுப்பராமன், வெள்ளத்துல மாடு கன்னை வச்சிண்டு தீனி இல்லாம கஷ்டப்படறவாளுக்கு வைக்கோல் குடுக்கறோம். ஒரு நோட்டீஸ் எழுதிடுங்கோ. சுருக்கமா இருக்கட்டும். ஆத்துல மனுஷா வந்திருக்கா, நான் வச்சுடறேன்."

எழுதினேன். 'வெள்ளத்தில் கால்நடை இழந்தோருக்கு உலர் தீவனம் இலவசம்.' 'கால்நடை வைத்திருப்போருக்கு' என்று எழுதியிருக்க வேண்டும். வெள்ளம் என்று எழுதிப் பழகிய கைக்கு அடுத்த சொல்லாக 'இழந்தோர்' தானாகவே வந்துவிட்டது. பசியும் ஒரு காரணம். அதற்குக் கீழே ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எங்கள் மையத்தில் பதவி உயர்வு பெற்றதில்லை.

அச்சாகி வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மாடு செத்தவனுக்கு எதற்கு வைக்கோல்? கண்காணிப்பாளர் முத்துகிருஷ்ணனிடம் ஓடினேன். அவர் திருநெல்வேலிக்காரர், சட்டம் பேசினால் குரல் இறங்கி மென்மையாகிவிடும். மூன்று முறை படித்தார்.

"அச்சாயிட்டுல்லா?"

"ஆச்சு சார்."

"அப்ப சரியாத்தான் இருக்கும். தப்புன்னு சொன்னா அஞ்சு கையெழுத்தும் தப்புன்னு ஆயிரும் பாத்துக்கிடுங்க. இன்னைலேருந்து இதுதான் விதி."

மறுநாள் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து நாற்பது கட்டு வைக்கோல் வந்து கார் ஷெட்டில் இறங்கியது. இயக்குநரின் கார் வெயிலில் நின்றது. அதைப் பெரிய தியாகமாக நானே குறிப்பில் எழுதினேன்.

பத்தாயிரம் நோட்டீஸில் ஒன்றே ஒன்றுதான் போய்ச் சேர வேண்டிய ஆளிடம் சேர்ந்தது. பெருங்குடியில் ஒரு டீக்கடைக்காரர் அதில் பஜ்ஜி மடித்துக் கொடுத்திருக்கிறார். பஜ்ஜி வாங்கியவர் பெயர் கபாலி. எண்ணெய் ஊறிய அந்தத் தாளை நான்காக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் எங்கள் படியேறி வந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். காலில் சேற்றுப்புண், பேன்ட்டை முழங்கால்வரை மடித்திருந்தார்.

"சார், எனுக்கு அஞ்சு எருமை. தண்ணி வந்த அன்னிக்கி நாலு பூட்ச்சி. ஒண்ணு கீது. செவுடின்னு பேரு. எட்டு மாசம் செனை. ஏரில புல்லு பூரா ஆயிலு, குப்பமேட்டுத் தண்ணி. துன்றதுக்கு ஒண்ணும் இல்ல. பேப்பர துன்னுகினு கீது சார். ரெண்டு கட்டு குடுத்தீங்கன்னா கன்னு போடுற வரிக்கும் தாங்கிடும்."

அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. ஐந்து எருமைப் பாலை ஓ.எம்.ஆர். டீக்கடைகளுக்கு ஊற்றித்தான் அந்தக் குடும்பம் இருபது வருஷம் ஓடியது. இப்போது பால் இல்லை. மனைவி கன்னியம்மா கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைத்துச் சம்பாதிப்பது அரிசிக்குச் சரியாகப் போகிறது. மீதி இருக்கிற ஒரே எருமை பிழைத்துக் கன்று போட்டால் ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கலாம். இல்லாவிட்டால் கபாலியும் அந்தக் கம்பெனி வாசலில் விசில் ஊதப் போக வேண்டியதுதான்.

முத்துகிருஷ்ணன் விண்ணப்பத்தை எடுத்தார்.

"ஊரு?"

"பெருங்குடி."

பேனா நின்றது. "அது மாநகராட்சில்லா அண்ணாச்சி. நாங்க ஊரகம். மாநகராட்சியில எருமை கிடையாது. பதிவேட்டுல சைபர்னு இருக்கு."

"அப்ப நான் இருவது வருசமா இன்னா சார் மேச்சேன்?"

"அது எங்களுக்குத் தெரியாது. ஆனா எருமை இல்ல."

ஆனாலும் எங்கள் மையம் கல்நெஞ்சுக்காரர்களின் கூடாரம் இல்லை. இப்படிப்பட்ட சந்தேக கேஸ்களுக்காகவே 'ஊரகத் தன்மைத் தேர்வு' என்று முப்பது கேள்வி வைத்திருக்கிறோம். நூற்றுக்கு ஐம்பது வாங்கினால் ஆள் கிராமத்தான். அங்கேயே உட்கார வைத்துக் கேட்டார்கள். வீட்டருகே கிணறு உண்டா? உண்டு, அதில் பைக் விழுந்து கிடக்கிறது. அரை மார்க். காலையில் எந்தச் சத்தம் கேட்டு விழிக்கிறீர்கள்? ஐடி கம்பெனி பஸ் ஹாரன். சைபர். வானத்தைப் பார்த்து மழை சொல்வீர்களா? "மெட்ரோக்காரன் பள்ளம் நோண்டுனா மழ வரும் சார்" என்றார். அதற்கு எத்தனை மார்க் போடுவது என்று இரண்டு அறைகளில் விவாதம் நடந்தது. கடைசியில் நாற்பத்தொன்று வந்தது.

"பேன்ட் போட்டுட்டு வந்ததுல பத்து மார்க் போச்சு" என்றார் முத்துகிருஷ்ணன் ஆறுதலாக. "அடுத்த தடவை வேட்டில வாங்க. லுங்கி வேண்டாம். லுங்கி நகர்ப்புறம்."

கபாலி இறங்கிப் போகும்போது கார் ஷெட் முன்னால் நின்றார். ஒரு கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை வைக்கோல் தாளை உருவி மூக்கருகே வைத்துப் பார்த்தார். "நல்ல காஞ்ச சரக்கு சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உருவியதைத் திரும்பக் கட்டிலேயே செருகினார். ஷெட்டில் காவலுக்கு யாருமில்லை. ஒரு கட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்திருக்கலாம். எனக்கு அன்று அது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, பயமாக இருந்தது.

நான்கு நாள் கழித்து வேட்டியில் வந்து ஐம்பத்தொன்று வாங்கினார். மதுரையில் விளைந்த வாழைக்காய்க்கு மயிலாப்பூரில் பழத்தின் விலை கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். அப்போதுதான் முத்துகிருஷ்ணன் நோட்டீஸை எடுத்து என் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"'கால்நடை இழந்தோர்'னு போட்டிருக்கு. நீங்க இழந்தீங்களா?"

"நாலு பூட்ச்சின்னு சொன்னேனே சார்."

"ஒண்ணு இருக்குல்லா?"

"அதுக்குத்தான சார் வைக்கோலு!"

"அங்கதான் இடிக்கி. இருக்குன்னா நீங்க இழந்தோர் இல்ல. பாதி இழந்தோர்னு படிவத்துல கட்டமே இல்ல. சரி, அந்த நாலு செத்ததுக்காவது சாட்சி வேணும். காதுல மஞ்ச வில்லை போட்டிருப்பாங்கள்லா, நம்பரோட? அதக் கொண்டாங்க."

"காதுல இருந்துச்சி. காது எருமைகிட்ட இருந்துச்சி. எருமைய தண்ணி இட்டுகினு போய்ட்ச்சி."

"அப்ப தண்ணியத்தான் கேக்கணும்" என்றார் முத்துகிருஷ்ணன். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே வேறு வழி யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

நான் தொண்டையைக் கனைத்தேன். அது என் பிழை, 'வைத்திருப்போர்' என்று இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முத்துகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. "வெளியில் ரொம்பத் தூசி" என்று சொல்லி முடித்தேன்.

கேஸ் சிக்கலாகிவிட்டதால் பொருளாதார ஆலோசகர் அனன்யாவிடம் அனுப்பினார்கள். அடையாறில் வளர்ந்து வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெண். எங்கள் மையத்திலேயே, வந்தவரை உட்காரச் சொல்கிற ஒரே ஆள் அவள்தான். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். பிறகு கணினியில் அவருடைய பிழைப்பைப் போட்டுப் பார்த்தாள்.

"அங்கிள், நாலு எருமைக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ தீனி போடுவீங்க?"

சொன்னார்.

"அது இப்போ மிச்சம், இல்லையா? குளிப்பாட்ற டைம், சாணி அள்ற டைம், அதுவும் மிச்சம். அப்புறம் எருமை தண்ணியில இருக்கப் பிடிக்கிற மிருகம். ஸோ, வெள்ளம் அதுக்கு ஒரு வசதின்னுதான் மாடல்ல வருது." கொஞ்சம் தயங்கினாள். "மொத்தமா பாத்தா உங்களுக்கு இந்த வெள்ளத்துல நஷ்டம் இல்ல அங்கிள்."

"அப்ப நான் லாபத்துல கீறேனாம்மா?"

"மாடல் அப்படித்தான் காட்டுது."

"செத்தது நாலு. அஞ்சும் செத்திருந்தா?"

அவள் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "இன்னும் லாபம்" என்றாள் மெதுவாக. அன்று சாயங்காலம் அவள் அந்த மாடலைத் திருத்த வேண்டும் என்று மூன்று பக்கக் கடிதம் எழுதினாள். கடிதத்தைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்தார்கள். நான்தான் குறிப்பு எழுதுகிறேன். இன்னும் கூடவில்லை.

ஒருவழியாக விஷயம் இயக்குநர் மேஜைக்குப் போனது. அனந்தராமன் நல்ல மனுஷர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவரும் அப்படித்தான் சொல்வார். கபாலியின் ஐந்து எருமைக்கும் ஒரே நாளில் அடுத்தடுத்த எண்ணில் வில்லை போட்டிருக்கிறார்கள் என்பதைக் கால்நடைத் துறையின் தனிப் பதிவில் கண்டுபிடித்தது அவர்தான். உயிரோடு இருக்கும் எருமையின் எண்ணைச் சரிபார்த்துவிட்டால் மீதி நான்கும் இருந்தது உறுதியாகும். இருந்தது உறுதியானால் இழந்ததும் உறுதியாகும். பாதி இழந்தோரை என்ன செய்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"யாராவது ஒருத்தர் நேர்ல போய்ப் பாத்துண்டு வந்துடுங்கோளேன்" என்றார்.

முத்துகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "பயணப்படி ஊரகத்துக்கு மட்டுந்தான் சார். பெருங்குடி மாநகராட்சி. போனா தணிக்கையில மாட்டிக்கிடுவோம்."

"அவர் ஐம்பத்தொண்ணு வாங்கியிருக்காரே?"

"அவர் ஊரகம் சார். அவர் ஊரு இல்ல."

ஆகவே எருமை நந்தனத்துக்கு வருவது என்று முடிவாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை தீவன வழங்கல் தொடக்க விழாவும் இருந்ததால், எண் சரிபார்ப்பை விழாவிலேயே வைத்துக்கொண்டால் படம் எடுக்க வசதியாக இருக்கும் என்றார்கள். நான் கபாலிக்குப் போன் செய்து சொன்னேன்.

"அது எழுந்து நிக்கறதே கஷ்டம் சார். வண்டி கிண்டி அனுப்புவீங்களா?"

கேட்டுப் பார்த்தேன். வாகனமும் ஊரகத்துக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அதிகாலையில் பெருங்குடியிலிருந்து கிளம்பி, கபாலி முன்னால் கயிற்றைப் பிடிக்க, கன்னியம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னால் தட்டிக்கொடுக்க, செவுடி நடந்தே வந்தது. ஓ.எம்.ஆர்., மத்திய கைலாஷ், அடையாறு, திரு.வி.க. பாலம், ராஜா அண்ணாமலைபுரம், சேமியர்ஸ் ரோடு. ஒன்பதரைக்கு எங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. வயிறு மட்டும் பெரிதாகத் தொங்கியது. ஒரு காது எப்போதோ கிழிந்து பாதிதான் இருந்தது. இன்னொன்றில் மஞ்சள் வில்லை.

"பசுவா இருந்தா வழில நாலு பேரு வாழப்பழமாவது குட்த்துருப்பாங்க" என்றாள் கன்னியம்மா. "எருமைக்கி ஹாரன் அட்ச்சிகினே வந்தானுங்க."

கார் ஷெட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு, நாற்பது கட்டு வைக்கோலையும் மேடையின் பின்னணியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தோம். செவுடிக்கு வைக்கோல் வாசனை எட்டிவிட்டது. அத்தனை நேரம் தள்ளாடி வந்தது, கபாலியையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு கட்டில் வாய் வைத்து ஒரு பிடியை உருவிவிட்டது.

"ஏய், ஏய்!" முத்துகிருஷ்ணன் ஓடிவந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன். "தொடங்கி வைக்கறதுக்கு முன்னால தின்னா எந்தக் கணக்குலவே எழுதுவேன்? நாப்பது கட்டு நாப்பதா இருக்கணும்!"

கபாலி பதறிப்போய், தானே எருமையின் வாய்க்குள் விரலை விட்டு வைக்கோலைப் பிடுங்கினார். "வுடு செவுடி. வுடும்மா. சாரு குடுப்பாரு. இன்னும் கொஞ்ச நேரம்தான்." பிடுங்கிய ஈர வைக்கோலை வேட்டியில் துடைத்து மறுபடியும் கட்டிலேயே செருகினார்.

கேட்டருகே கட்டச் சொன்னார்கள். செவுடி முட்டியை மடித்து உட்கார்ந்தது. நான் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அது மோந்து பார்க்கவில்லை. அதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. பத்தடியில் நாற்பது கட்டு வைக்கோல் கிடக்க, நான் தண்ணீர் வைத்தேன்.

நிகழ்ச்சி நிரலில் ஏழு இருந்தன. இறை வணக்கம், வரவேற்பு, இயக்குநர் உரை, எண் சரிபார்ப்பு, தீவனம் வழங்கல், நன்றியுரை, சிற்றுண்டி. அறுபது நாற்காலிகளில் மையத்து ஊழியர்கள் நாங்களே உட்கார்ந்திருந்தோம். விண்ணப்பித்தவர் என்று பார்த்தால் கபாலி ஒருவர்தான். அவரை மேடையில் உட்கார வைத்துக் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டார்கள். அவர் கேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா செவுடியின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

அனந்தராமன் பேசினார்.

"நண்பர்களே, இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் கிராமங்களைப் பற்றியே சிந்தித்து வருகிறேன். ஒருமுறைகூட நான் எந்தக் கிராமத்துக்கும் போனதில்லை. ஏன்? போனால் அந்தக் கிராமத்தின் மேல் பாசம் வந்துவிடும். மற்ற கிராமங்களுக்கு அது அநீதி." கைதட்டினோம். "வெள்ளத்தைப் பலரும் துயரமாகப் பார்க்கிறார்கள். நாம் அப்படிப் பார்க்கக் கூடாது. இந்த மையம் ஒரு வெள்ளத்தில் பிறந்தது. அடுத்த வெள்ளத்தில் முதல் மாடி எழுந்தது. அதற்கடுத்த வெள்ளத்தில் இரண்டாவது மாடி. வெள்ளத்தால் ஊரக வாழ்வாதாரம் வளராது என்று யார் சொன்னது? இதோ, நாம் அறுபது பேர் இருக்கிறோமே!" மறுபடியும் கைதட்டினோம். "உதவி தாமதமாகிறது என்கிறார்கள். தாமதம் என்பது என்ன? சரியான மனிதரை அடையும்வரை காத்திருக்கும் பொறுமைதான் தாமதம்."

பேச்சு நாற்பது நிமிஷம் போனது. கேட்டுப் பக்கம் கன்னியம்மா ஒரு சத்தம் போட்டாள். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. கபாலி துண்டோடு மேடையிலிருந்து குதித்து ஓடினார். செவுடியின் கால்கள் இரண்டு முறை இழுத்தன. வயிறு கொஞ்ச நேரம் தனியாக அசைந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நிகழ்ச்சி நிரலில் இதற்கு இடமில்லை. முத்துகிருஷ்ணன்தான் முதலில் சுதாரித்தார். அருகே போய்க் குனிந்து, வில்லையில் இருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்துப் பன்னிரண்டு இலக்கத்தையும் உரக்கப் படித்தார். நான் கால்நடைத் துறைப் பதிவில் சரிபார்த்தேன். ஒரு எண்கூடப் பிசகவில்லை.

"பொருந்துது சார்!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அது நிஜம். "அஞ்சுமே இருந்தது உறுதியாயிட்டு. பாதி இழந்தோர் சிக்கலும் தீந்துட்டு. இப்ப இவர் முழு இழந்தோர். விதிப்படி ஒரு குறையும் இல்ல."

அலுவலகக் கத்திரிக்கோலால் காதிலிருந்து வில்லையை வெட்டி எடுத்தார்கள். அதைக் கோப்பில் நூல் கோத்துக் கட்டியது நான்தான். ஒரு கால்நடைக்கு எட்டுக் கட்டு என்று விதி. ஐந்துக்கு நாற்பது. மொத்த வைக்கோலும் ஒரே ஆளுக்குப் போனது. திட்டம் நூறு சதவீத வெற்றி. அனந்தராமன் ரிப்பன் கட்டிய முதல் கட்டைத் தூக்கிக் கபாலியின் கையில் வைத்தார். படம் எடுத்தார்கள்.

"இத்த யாருக்கு சார் போடறது?" என்று கேட்டார் கபாலி.

"அது உங்க சுதந்திரம்" என்றார் இயக்குநர் அன்பாக. "நாங்க அதுல தலையிடறதே இல்லை."

எல்லோரும் சிற்றுண்டிக்கு உள்ளே போனார்கள். கபாலி ரிப்பனை அவிழ்த்து, வைக்கோலை உதறிச் செவுடியின் தலைக்குக் கீழே பரப்பினார். ஒரு பிடியை அதன் வாயருகே வைத்தார். மாநகராட்சி லாரிக்குப் போன் செய்ய நான் வெளியே நின்றிருந்தேன். பெருங்குடியில் இல்லாத எருமை நந்தனத்தில் செத்ததால் லாரி உடனே வருவதாகச் சொன்னார்கள்.

கபாலி சட்டைப்பையிலிருந்து அந்த எண்ணெய்த் தாளை எடுத்துப் பிரித்தார்.

"சார், இந்த 'இழந்தோர்'ன்றத எழுதுனது யாரு சார்?"

"கமிட்டி" என்றேன்.

அவர் தாளை ஒருமுறை பார்த்தார், செவுடியை ஒருமுறை பார்த்தார்.

"கரெக்டா எழுதிக்கிறாங்க சார். எழுதுன மாரியே ஆயிப்போச்சி."

உள்ளே போய் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தட்டில் கேசரி வைத்திருந்தார்கள். நடவடிக்கைக் குறிப்பை முடிக்க வேண்டியிருந்தது. கடைசி வரியாக இப்படி எழுதினேன்: 'தீவனம் பெற்றுக்கொண்ட பயனாளி, நோட்டீஸின் வாசகத்தை வெகுவாகப் பாராட்டினார்.'